ஸ்டென்ட் வைத்தாயிற்று, பிறகு? வயிற்றுப் பெருந்தமனி சிகிச்சை பழுதுபட்டால் உள்ள வழிகள்

நமது அறநிதியின் ஆண்டு மலரில் சமயக் கட்டுரைகளோடு உடல்நலம் பற்றிய கட்டுரை ஒன்றும் இடம்பெறுவது வழக்கம். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவை பற்றி முந்தைய மலர்களில் படித்திருப்பீர்கள். இம்முறை, அதிகம் பேசப்படாத ஒரு நோயையும், அதற்குச் செய்த சிகிச்சை சில ஆண்டுகள் கழித்துப் பழுதுபட்டால் என்னென்ன வழிகள் உண்டு என்பதையும் எழுதும் பணி எனக்குத் தரப்பட்டது. நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை வகுப்பில் சொல்வது போல எளிமையாகச் சொல்ல முயல்கிறேன். யாருக்கு எந்தச் சிகிச்சை ஏற்றது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவரவர் மருத்துவரே.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி இரவு நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி நம் எல்லார் வீட்டிலும் பேசப்பட்டது. இதயத்திலிருந்து புறப்படும் முதன்மை இரத்தக் குழாயில் அவருக்கு வீக்கம் இருந்தது. உடலைத் திறக்காமல், இரத்தக் குழாய் வழியாகவே சென்று டாக்டர் சாய் சதீஷ் ஒரு ஸ்டென்ட்டைப் பொருத்தி வீக்கத்தை முழுமையாக அடைத்தார் என்று மருத்துவமனை அறிவித்தது. 73 வயதில் இச்சிகிச்சையைப் பெற்ற அவர் அக்டோபர் 3ஆம் தேதி இரவே வீடு திரும்பினார். அவர் நடித்த 'கூலி' திரைப்படமும் 2025 ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது.

அவர் நலமடைந்தது எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அச்செய்தியைத் தொடர்ந்து, "ஸ்டென்ட் வைத்துவிட்டால் அந்த நோய் தீர்ந்துவிடும்" என்ற எண்ணமும் நம்மவர்களிடையே பரவியிருப்பதைக் காண்கிறேன். அது முழு உண்மை அன்று.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டி, தோட்டம் கைமாறிய பின் ஈப்போவுக்குக் குடிவந்த பெரியவர் ஒருவர் நம் ஆலயத்திற்கு வெள்ளிதோறும் வருவார். அவருக்கு வயிற்றில் இத்தகைய ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் தவறாமல் ஸ்கேன் எடுக்கச் சென்றார். பிறகு, காரில் அழைத்துச் சென்ற மகள் ஜொகூருக்கு மாற்றலாகிப் போனார். பெரியவருக்கு வலியும் இல்லை, தொல்லையும் இல்லை. எனவே போவதை விட்டுவிட்டார். ஆறாம் ஆண்டில் ஒரு நாள் திடீரென்று கடுமையான முதுகுவலி வந்தது. மருத்துவமனையில் சேர்த்த அன்றே காலமானார். துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவருடைய துணைவியார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அதான் ஸ்டென்ட் வச்சாச்சே வாத்தியாரே, அப்புறம் எப்படி வெடிச்சுச்சு?"

அந்த அம்மையாரின் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நோய் எது?

இதயத்திலிருந்து புறப்பட்டு, நெஞ்சின் வழியாக இறங்கி, வயிற்றின் பின்புறத்தில் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் மிகப் பெரிய இரத்தக் குழாயே பெருந்தமனி. தொப்புளின் அளவில் அது இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் இரத்தம் கொண்டு செல்கிறது. வயிற்றுப் பகுதியில் இதன் அகலம் ஏறத்தாழ 2 செ.மீ. குழாயின் சுவர் தளர்ந்து, அகலம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் புடைத்தால் அதை அனியூரிசம் என்கிறார்கள். நாம் வீக்கம் என்றே சொல்லிக்கொள்வோம்.

புகைபிடித்தல் இதற்கு முதன்மையான காரணம். 65 வயதைத் தாண்டிய ஆண்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். பெண்களுக்குக் குறைவாகவே வருகிறது. ஆனால் வந்தால், சிறிய அளவிலேயே வெடிக்கும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. ஆகவே ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. என்ற அளவை எட்டும்போது சிகிச்சை பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்குகிறார்கள்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனம்தான். வெடிக்கும் நாள் வரை பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. வெடித்த பின் மருத்துவமனையை அடையும் முன்பே பலர் இறந்துவிடுகிறார்கள். விஞ்ஞானி ஐன்ஸ்டீன் இந்நோயால்தான் மறைந்தார். 1948இல் டாக்டர் ருடால்ஃப் நிசன் அவருடைய வீக்கத்தைச் செல்லோஃபேன் தாளால் சுற்றி வலுவூட்டினார். அக்காலத்தில் அதைவிடச் சிறந்த வழி இல்லை. அதன் பின் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஐன்ஸ்டீன், வீக்கம் வெடித்து 1955 ஏப்ரல் 18ஆம் தேதி காலமானார்.

ஸ்டென்ட் சிகிச்சை வந்த வரலாறு

1951இல் பாரிஸ் நகரில் டாக்டர் சார்ல்ஸ் டுபோஸ்ட், வீங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வேறு குழாயைத் தைத்தார். பிறகு டேக்ரான் என்னும் செயற்கைத் துணியால் ஆன குழாய்கள் வந்தன. வயிற்றை நீளமாகத் திறந்து செய்யும் இந்த அறுவை சிகிச்சை இன்றும் நடைபெறுகிறது. அது பெரிய அறுவை. இதயமும் நுரையீரலும் தளர்ந்த முதியவர்களால் அதைத் தாங்குவது கடினம்.

இதற்கு மாற்று தேடியவர்களில் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள். உக்ரைனின் கார்கிவ் நகரில் டாக்டர் நிக்கோலாய் வொலொடோஸ் 1987இல் நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனிக்குள் துணிக்குழாய் பொருத்திய ஸ்டென்ட்டை வைத்தார். அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் டாக்டர் ஹுவான் பரோடி 1990 செப்டம்பர் 7ஆம் தேதி வயிற்றுப் பகுதியில் இதைச் செய்து காட்டினார். தொடையின் மேற்பகுதியில் உள்ள இரத்தக் குழாய் வழியாக, சுருட்டி மடித்த துணிக்குழாயை உள்ளே செலுத்தி, வீக்கத்தின் மேலும் கீழும் உள்ள நல்ல சுவரில் அதை விரித்துப் பிடிக்கச் செய்வதே முறை. இதை ஸ்டென்ட் கிராஃப்ட் என்கிறார்கள்.

சைக்கிள் ஓட்டிய நமக்கு இது எளிதில் விளங்கும். டயர் ஓரிடத்தில் தேய்ந்து புடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். டயரை மாற்றாமல் உள்ளே புதிய டியூப் ஒன்றைப் போடுகிறோம். காற்று முழுவதும் டியூபுக்குள்ளேயே நிற்கும் வரை, தேய்ந்த டயரின் மேல் அழுத்தம் விழாது. டியூபிலிருந்து காற்று கசிந்தாலோ, வேறு வழியாக உள்ளே நுழைந்தாலோ டயர் மறுபடியும் புடைக்கும். ஸ்டென்ட் வைத்த பின்னும் பழைய வீக்கம் உடலுக்குள்ளேயேதான் இருக்கிறது. இரத்தம் அதற்குள் போகாதபடி தடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த அம்மையாரின் கேள்விக்கு முதல் விடை இது.

ஆய்வுகள் சொல்வது

இங்கிலாந்தில் 1999 முதல் 2004 வரை 37 மருத்துவமனைகளில் 1,252 நோயாளிகளைச் சேர்த்து, வயிற்றைத் திறக்கும் அறுவையையும் ஸ்டென்ட் முறையையும் ஒப்பிட்டார்கள். முதல் 30 நாள்களில் இறந்தவர்கள் அறுவைப் பிரிவில் 4.3 விழுக்காடு, ஸ்டென்ட் பிரிவில் 1.8 விழுக்காடு. தொடக்கத்தில் ஸ்டென்ட் முறையே பாதுகாப்பானது என்பது இதில் தெளிவு. ஆனால் 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவுகள் 2016இல் வெளிவந்தபோது, எட்டாண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியிருந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களிடையே வீக்கம் பின்னாளில் வெடித்து இறந்தவர்கள் கூடுதலாக இருந்தனர்.

நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 351 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஆறாண்டுகளுக்குள் ஸ்டென்ட் வைத்தவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது. வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களில் அது ஏறத்தாழ 18 விழுக்காடு.

இதைப் படித்து யாரும் அஞ்ச வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே வாழ்கிறார்கள். பழுதுகளில் பெரும்பாலானவை ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்போது சரிசெய்யவும் வழி உண்டு. என்னென்ன பழுது, எவ்வெவ்வாறு சரிசெய்கிறார்கள் என்பதை இனிப் பார்ப்போம்.

கசிவுகளும் சிகிச்சைகளும்

ஸ்டென்ட்டுக்கு வெளியே, பழைய வீக்கத்திற்குள் இரத்தம் புகுவதை எண்டோலீக் என்கிறார்கள். உட்கசிவு என்று சொல்லலாம். மருத்துவர்கள் இதை வகைப்படுத்தி எண்ணிட்டிருக்கிறார்கள். "எனக்குக் கசிவு இருக்கிறதாம்" என்று யாராவது சொன்னால், "எந்த வகை?" என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஏனெனில் ஒரு வகை அவசரமானது, மற்றொன்றைக் காத்திருந்து பார்க்கலாம்.

முதல் வகையில், ஸ்டென்ட்டின் மேல் முனையோ கீழ் முனையோ சுவரில் சரியாக ஒட்டாமல் இரத்தம் ஓரமாக நுழைகிறது. வயதோடு நல்ல சுவரும் விரிந்துவிடுவதாலோ, ஸ்டென்ட் சற்றே கீழே நழுவுவதாலோ இது ஏற்படும். வீக்கத்தின் மேல் நேரடி அழுத்தம் விழுவதால் இதை விட்டுவைப்பதில்லை. பலூனால் விரித்து ஒட்டச் செய்வது, கூடுதலாக ஒரு குட்டைக் குழாயைச் சேர்த்து நீட்டுவது, நுண்ணிய திருகாணிகளால் ஸ்டென்ட்டைச் சுவரோடு பிணைப்பது ஆகியவை வழிகள். கீழ் முனையில் என்றால் காலுக்குச் செல்லும் குழாயை இன்னும் கீழே நீட்டுவது பெரும்பாலும் எளிது. மேல் முனையில் சிக்கல் அதிகம். அங்கே சிறுநீரகங்களுக்குச் செல்லும் கிளைகள் இருப்பதால் நீட்டினால் அவை அடைபட்டுவிடும். அதற்காகவே, அக்கிளைகளுக்கு நேராகத் துளைகள் விட்டுத் தைத்த சிறப்பு ஸ்டென்ட்கள் உள்ளன. நோயாளியின் உடலை அளந்து தைக்கப்படுவதால் அவை கைக்கு வரப் பல வாரங்கள் ஆகும். முன்கூட்டியே கண்டுபிடித்தவருக்குத்தான் அந்த அவகாசம் கிடைக்கும். அவசரமானால், கிளைகளுக்குள் சிறு குழாய்களைப் புகைபோக்கி போல் ஸ்டென்ட்டுக்கு இணையாக வைக்கும் முறையும் உண்டு.

இரண்டாம் வகையே மிகப் பரவலானது. பெருந்தமனியிலிருந்து முதுகுக்கும் குடலுக்கும் செல்லும் சிறு கிளைகளில் இரத்தம் பின்னோக்கி ஓடி வீக்கத்திற்குள் வருகிறது. இவற்றில் பல தாமாகவே அடைபட்டுவிடும். வீக்கம் வளராத வரை மருத்துவர்கள் தலையிடுவதில்லை, கண்காணிப்பார்கள். அகலம் 5 மி.மீ. கூடினால் உன்னிப்பாகப் பார்ப்பார்கள். 1 செ.மீ. அளவுக்கு வளர்ந்தால், நுண்குழாய் வழியாகச் சென்று சிறு உலோகச் சுருள்களாலும் மருத்துவப் பசையாலும் அக்கிளைகளை அடைப்பது வழக்கம். முதுகு வழியாக ஊசி செலுத்தியும் இதைச் செய்யலாம். "கசிவு இருக்கிறது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை" என்று மருத்துவர் சொன்னால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம். இவ்வகையில் பொறுத்திருப்பதும் சிகிச்சை முறைதான்.

மூன்றாம் வகையில் ஸ்டென்ட்டே பழுதாகிறது. அதன் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகப்பட்டவை. அவை இணைப்பில் கழன்றுகொள்ளலாம், அல்லது துணி கிழியலாம். இதுவும் தாமதிக்கக் கூடாத பழுது. பழைய ஸ்டென்ட்டுக்குள்ளேயே புதிய ஸ்டென்ட் ஒன்றை வைத்து உறையிடுவார்கள். டியூபுக்குள் டியூப் போடுவதைப் போல.

நான்காம் வகை, துணியின் நுண்துளைகள் வழியாகப் பொருத்திய உடனே தெரியும் கசிவு. தானே நின்றுவிடும். ஐந்தாம் வகையில் கசிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வீக்கம் வளர்கிறது. மறைந்திருக்கும் கசிவைத் தேடிப் பார்த்துவிட்டு, உறையிடுவதா அறுவையா என்று முடிவு செய்வார்கள்.

கசிவைத் தவிர வேறொரு பழுதும் உண்டு. காலுக்குச் செல்லும் ஒரு கிளை மடங்கி, இரத்தம் உறைந்து அடைபடலாம். நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். அல்லது கால் திடீரென்று குளிர்ந்து, வெளுத்து, மரத்துப்போகும். திடீரென்று ஏற்பட்டால் சில மணி நேரத்திற்குள் சரிசெய்யாவிடில் காலையே இழக்க நேரலாம். உறைந்த இரத்தத்தை நுண்குழாயால் இழுத்தெடுப்பது, கரைக்கும் மருந்து செலுத்துவது, மடங்கிய இடத்தில் வேறொரு ஸ்டென்ட் வைத்து நிமிர்த்துவது ஆகியவை வழிகள். இவை பயன்படாவிட்டால், நல்ல காலின் இரத்தக் குழாயிலிருந்து அடைபட்ட காலுக்குத் தோலுக்கடியில் குறுக்கே ஒரு குழாயைத் தைத்து இரத்தம் கொண்டு செல்வார்கள்.

திறந்து அறுவை செய்ய நேர்ந்தால்

மேற்சொன்ன வழிகள் பலிக்காவிட்டாலோ, உடலமைப்பு இடம் தராவிட்டாலோ வயிற்றைத் திறக்க வேண்டியதுதான். இதிலும் இரு வகை உண்டு. ஸ்டென்ட்டை அப்படியே வைத்துவிட்டு, வீக்கத்தைத் திறந்து, கசியும் கிளைகளை உள்ளிருந்தே தைத்து மூடுவது ஒன்று. ஸ்டென்ட்டின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுத்துவிட்டுத் துணிக்குழாயைத் தைப்பது மற்றொன்று. ஸ்டென்ட்டின் கொக்கிகள் சுவரில் பதிந்திருப்பதால் இது முதல் முறை செய்யும் அறுவையைவிடக் கடினம். திட்டமிட்டுச் செய்யும்போது உள்ள ஆபத்தைவிட, வெடித்த பின் நள்ளிரவில் செய்யும்போது உள்ள ஆபத்து பல மடங்கு. எனவே, "முன்பே தெரிந்தால் என்ன லாபம்?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

அரிதாக, நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, ஸ்டென்ட்டில் கிருமி தொற்றுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், எடை குறைதல், முதுகுவலி ஆகியவை இதன் அடையாளங்கள். நீண்ட காலம் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பார்கள். உடல் தாங்குமானால் ஸ்டென்ட்டை முழுவதுமாக அகற்றுவதே சரியான தீர்வு. அதன் பின் கால்களுக்கு இரத்தம் செல்ல, தோள்பட்டைக்கருகில் உள்ள இரத்தக் குழாயிலிருந்து தோலுக்கடியில் தொடை வரை ஒரு குழாய் அமைப்பார்கள். அல்லது நோயாளியின் தொடை நரம்பையே எடுத்து அதே இடத்தில் தைப்பார்கள். மாட்டின் இதய உறையால் செய்த குழாயையும் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கடைசிச் செய்தி நம் பக்தர்கள் சிலரை உறுத்தலாம். சாதாரணத் துணிக்குழாய்களில் சிலவற்றிலும் மாட்டிலிருந்து பெற்ற பொருள் பூசப்பட்டிருப்பதுண்டு. மனம் ஒப்பாதவர்கள் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். மாற்று இருந்தால் அவர் சொல்வார். மாற்று இல்லாத இடத்தில் உயிரைக் காப்பதே முதல் தர்மம் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்லாமல் மௌனமாகச் சிகிச்சையை மறுத்துவிட்டு வீடு திரும்புவது மட்டும் வேண்டாம்.

எண்பது வயதைக் கடந்து, இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த ஒருவர், "இனி எனக்கு அறுவை வேண்டாம்" என்று தீர்மானிப்பதும் மதிக்கத்தக்க வழியே. ஐன்ஸ்டீனும் இறுதியில் அறுவை வேண்டாம் என்றே சொன்னார். வகை, ஆபத்து, பலன் எல்லாவற்றையும் கேட்டறிந்து, குடும்பத்தாரோடு பேசி எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும். போக வர வண்டி இல்லாத காரணத்தால் நேர்ந்ததாக இருக்கக் கூடாது.

ஆண்டுதோறும் ஒரு பெரட்டு

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதிகாலைப் பெரட்டு நினைவிருக்கும். பெயரை அழைப்பார்கள், வராதவர் யார் என்று உடனே தெரிந்துவிடும். தோட்டத்து டிரெசருக்கும் எந்த லயத்தில் யார் மருந்து சாப்பிடவில்லை என்பது தெரியும். நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த பின் நம்மைப் பெயர் சொல்லி அழைக்க ஆளில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆண்டு ஸ்கேன்தான் பெரட்டு.

பொதுவாக முதல் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுதும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அல்ட்ராசவுண்ட் போதும் என்பார்கள். சிலருக்கு இடைவெளியை நீட்டவும் செய்வார்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நாமாக நீட்டக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சி.டி. ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் வேறு வகை ஸ்கேன் பற்றி யோசிப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வீக்கத்தின் அகலம் இப்போது எத்தனை செ.மீ.? போன முறையைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கசிவு உண்டா, உண்டென்றால் எந்த வகை? விடைகளைத் தேதியோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வீக்கம் சுருங்கி வருவது நல்ல அடையாளம். ஸ்டென்ட்டின் பெயர், அளவு, பொருத்திய தேதி ஆகியவை குறிக்கப்பட்ட அட்டையை அடையாள அட்டையோடு வைத்திருங்கள். வேறு ஊரில் அவசரமாகச் சேர்க்கப்பட்டால் அந்த அட்டை மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்தும். புகைபிடிப்பவர்கள் அன்றே நிறுத்த வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையை விடக் கூடாது.

திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ விலாவிலோ கடுமையான வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை, கால் குளிர்ந்து மரத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். 999 எண்ணை அழைத்து, "வயிற்றில் ஸ்டென்ட் வைத்தவர்" என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

நாம் செய்யக் கூடியது

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர். வகுப்பில் இக்குறளை நடத்தும்போது நான்காவதை மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். இந்நோயைப் பொறுத்தவரை நான்காமவர் இல்லாத காரணத்தால் மற்ற மூவரும் இருந்தும் பயனின்றிப் போகிறது.

பேராக்கில் உள்ளவர்களுக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையே பெரிய அரசு மருத்துவமனை. சிக்கலான மறுசிகிச்சைக்குக் கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கோ மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கோ செல்ல நேரலாம். இ.டி.எஸ். இரயிலில் ஈப்போவிலிருந்து ஏறத்தாழ இரண்டரை மணி நேரம்தான். ஆனால் தனியாக வாழும் எழுபது வயதுப் பெரியவருக்கு அது எளிய பயணம் அன்று. ஸ்டென்ட் போன்ற சாதனங்களின் விலை பல்லாயிரம் வெள்ளி. பணம் இல்லை என்று பின்வாங்கும் முன், மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவ சமூகநல அதிகாரியைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர் வழிகாட்டுவார். அரசுப் பணி ஓய்வூதியர்கள் பொதுச் சேவைத் துறைக்கு மருத்துவமனை வழியாக விண்ணப்பிக்கலாம்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. அறுவை சிகிச்சைக்கு என்று கேட்டால் நீங்கள் தாராளமாகத் தருகிறீர்கள். அதற்கு நன்றி. ஸ்கேனுக்குப் போய்வர என்று யாரும் கேட்பதுமில்லை, தருவதுமில்லை. இரயில் கட்டணமும் துணைக்கு ஓர் ஆளும் கிடைக்காமல், ஏற்கெனவே செய்த பெரிய செலவு வீணாகலாம். ஆகவே நிர்வாகக் குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைத்திருக்கிறேன். இத்தகைய சிகிச்சை பெற்ற பக்தர்கள் விரும்பினால் தங்கள் பெயரையும் அடுத்த ஸ்கேன் தேதியையும் ஆலய அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம். தேதி நெருங்கும்போது நம்மில் ஒருவர் தொலைபேசியில் நினைவூட்டுவார். கார் வைத்திருக்கும் தொண்டர்கள் முறைபோட்டு அழைத்துச் செல்வார்கள். தூரப் பயணத்திற்கான செலவை அறநிதியின் மருத்துவக் கணக்கிலிருந்து தரலாம். அன்னதானத்திற்கு ஒரு நாள் ஏற்றுக்கொள்வதைப் போல, ஒருவருடைய ஸ்கேன் பயணத்தை ஏற்றுக்கொள்ள விரும்பும் அன்பர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

65 வயதைத் தாண்டிய, புகைபிடிக்கும் அல்லது முன்பு புகைபிடித்த ஆண்கள், அடுத்த முறை கிளினிக் செல்லும்போது வயிற்றுப் பெருந்தமனியை அல்ட்ராசவுண்டில் ஒரு முறை பார்த்துவிடும்படி கேளுங்கள். இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அரசே இதற்காக அழைக்கிறது. ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை.

தைப்பூசத்தன்று கல்லுமலையில் காவடிகளுக்கு வழிவிட்டு நிற்கும் நம் பெரியவர்கள் இன்னும் பல தைப்பூசங்களைக் காண வேண்டும் என்பதே நம் பிரார்த்தனை. அதற்கு முருகன் அருள் புரிவானாக. ஸ்கேன் தேதியை நாம் நினைவில் வைத்திருப்போமாக.